72ஐ 300 ஆக்கியும் ஏ3 போஸ்டருக்குப் போட்டோ பத்தாதாமே, ஏன்?

வியாசை விங்கர்:
முல்லை நகர் மைதானத்துல பசங்களுக்கான ஃபுட்பால் போட்டி. ஏ3 வால்போஸ்டர் ஆஃப்செட்ல அடிக்கணும், வாசலுக்கு 10க்கு 6 அடி ஃபிளெக்ஸ். டீம் போட்டோ வாட்ஸ்அப்ல வந்தது, 1600க்கு 1200 பிக்சல். போட்டோஷாப்ல ரெசொல்யூஷனை (ஒரு இஞ்ச்சுக்கு எத்தனை பிக்சல்ங்கறது, அதாவது பிபிஐ) 72லேர்ந்து 300 ஆக்கிக் கொடுத்தா, பிரஸ்ல ரெசொல்யூஷன் பத்தாதுங்கறாங்க. ஃபிளெக்ஸ் கடையில அதே ஃபைல் போதும்ங்கறாங்க. எது சரிண்ணா? பழைய டீமோட 4க்கு 6 இஞ்ச் பிரின்ட் ஒண்ணும் இருக்கு, நெகட்டிவ் இல்ல. எத்தனை டிபிஐல (ஒரு இஞ்ச்சுக்கு எத்தனை புள்ளி) ஸ்கேன் பண்றது?

ராயபுரம் டிடிபி:
தம்பி, அந்த 72, 300 ரெண்டையும் மறந்துட்டு பிக்சலை மட்டும் பாருங்க. 1600 பிக்சலை 300ஆல வகுத்தா 5.3 இஞ்ச். உங்க போட்டோ 300ல அவ்வளவுதான் தாங்கும். ‘இமேஜ் சைஸ்’ல ‘ரீசாம்பிள்’ டிக் எடுத்துட்டு 300 போட்டா, பிக்சல் அப்படியே இருக்கும், இஞ்ச் மட்டும் 22லேர்ந்து 5.3க்கு இறங்கும். டிக்கோட மாத்தினா 6667க்கு 5000னு பெருகும். அந்தப் புதுப் பிக்சல் எல்லாம் பக்கத்துப் பிக்சலைப் பார்த்து சாஃப்ட்வேர் இட்டு நிரப்புனது. ஃபைல் கனக்கும், முகம் தெளியாது.

ஆர்ட் பேப்பர்ல அச்சுப் பிளேட் 150 லைன் ஸ்கிரீன்ல, அதாவது இஞ்ச்சுக்கு 150 வரிசை மைப்புள்ளியா போகும், அதோட ரெண்டு மடங்குதான் இந்த 300. ஒன்றரை மடங்கு, அதாவது 225 இருந்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. ஏ3 அகலம் 11.7 இஞ்ச். உங்க போட்டோவை முழு அகலத்துக்கு இழுத்தா 137தான் வரும். பிரஸ்காரர் சொன்னது நியாயம்.

எடுத்தவர் போன்லேர்ந்து அதே போட்டோவை ‘டாக்குமென்ட்’டா அனுப்பச் சொல்லுங்க. 12 மெகாபிக்சல்னா 4000க்கு 3000 வரும், அதே அகலத்துக்கு 340 கிடைக்கும். பிரச்சினை அங்கேயே தீர்ந்துடும்.

ஃபிளெக்ஸ் கதை வேற. எவ்வளவு தூரத்துலேர்ந்து பார்க்கறாங்களோ அதை இஞ்ச்ல எடுத்து, 3440ஐ அதால வகுங்க, கண்ணுக்குப் போதுமான பிபிஐ வரும். ஒரு அடிக்கு 287, நாலடிக்கு 72, பத்தடிக்கு 29. உங்க போட்டோ ஃபிளெக்ஸ்ல 5 அடி அகலம்னா 27 பிபிஐ. ரோட்டுலேர்ந்து நல்லா இருக்கும், வாசல்ல நின்னு பார்த்தா முகம் கட்டம் கட்டமா தெரியும். ஒரிஜினல் கிடைச்சா அதையே ரெண்டுக்கும் போடுங்க.

வண்ணை ஸ்கேன்:
பிரின்ட்டை 600ல ஸ்கேன் செய்யுங்கள். 2400க்கு 3600 பிக்சல் வரும். 300ல் அது 8க்கு 12 இஞ்ச். 1200 வைத்தால் பேப்பரின் இழையும் தூசியும்தான் பெரிதாகும், புதிய விவரம் ஏதும் சேராது. கருப்பு வெள்ளைப் படமானாலும் கலரில் ஸ்கேன் செய்து டிஃப் (TIFF) ஃபைலாகச் சேமியுங்கள். கலர் படம் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனலாக (அடுக்காக) இருக்கும்; மஞ்சள் கறை பெரும்பாலும் நீலச் சேனலில்தான் தெரியும். சிவப்புச் சேனலை மட்டும் எடுத்தாலே பாதிக் கறை மறையும். ஸ்கேனரின் ஆட்டோ ஷார்ப்பனை அணைத்துவிடுங்கள். செய்தித்தாளில் வந்த படத்தை வெட்டி வைத்திருந்தால் ‘டீஸ்கிரீன்’ (அச்சுப் புள்ளிகளை மழுப்பும் ஸ்கேனர் வசதி) போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் பழைய புள்ளியும் புதிய புள்ளியும் மோதி அலை அலையாக வரும்.

பெரம்பூர் பிளேட்:
எழுத்தையும் லோகோவையும் போட்டோஷாப்ல போடாதீங்க. பிளேட் எடுக்கற மெஷின் பொதுவா 2400 டிபிஐ. 300ல உருவான தமிழெழுத்தோட சுழி ஓரம் அதுல பல் பல்லா தெரியும். கோரல்டிராவுல வெக்டரா (பிக்சலா இல்லாம கோட்டு வடிவமா) அடிச்சு, எழுத்தை வடிவமா மாத்தற ‘கன்வெர்ட் டு கர்வ்ஸ்’ பண்ணுங்க. இல்லேன்னா பாமினி ஃபான்ட் இல்லாத சிஸ்டத்துல வெறும் இங்கிலீஷ் எழுத்தா கொட்டும். சின்ன எழுத்துக்குக் கருப்பு மை மட்டும் 100 சதவீதம்; நாலு கலரும் கலந்த கருப்புன்னா, ரிஜிஸ்டர் (நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு பொருந்தி விழறது) ஒரு மயிரிழை தள்ளினாலும் நிழல் விழும். ஓரம் வரை கலர் போனா நாலு பக்கமும் 3 மில்லி பிளீட் (வெட்டுற கோட்டுக்கு வெளியே நீட்டற கலர்) விடுங்க.

பிடிஎஃப் எடுக்கறப்ப ‘ஸ்மாலஸ்ட் ஃபைல் சைஸ்’ பக்கமே போகாதீங்க. நல்ல போட்டோவையும் 100 பிபிஐக்கு இறக்கிடும்.

வியாசை விங்கர்:
நன்றிண்ணா. எடுத்தவர் போன் மாத்திட்டாராம், ஒரிஜினல் போச்சு. இந்த 1600தான் இருக்கு.

ராயபுரம் டிடிபி:
அப்ப போட்டோவை 7 இஞ்ச் அகலத்துக்கு மேல விடாதீங்க, 228 வரும். மிச்ச இடத்தைக் கெட்டிக் கலராலயும் பெரிய எழுத்தாலயும் நிரப்புங்க. ஷார்ப்பன் ஏத்தாதீங்க, வாட்ஸ்அப் அமுக்கின கட்டம் தலைமுடி ஓரத்துல எழும்பும். பிளேட்டுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி முகம் வர்ற பகுதியை 100 சதவீத அளவுல ஒரு டிஜிட்டல் பிரின்ட் எடுத்து, நாலடி தள்ளி சுவத்துல ஒட்டிப் பாருங்க.