கோழிக்குஞ்சு கையில பழகுன கதை, உங்க அனுபவத்த போடுங்க

திண்ணைக்கோழி:
இன்குபேட்டர் குஞ்சு வாங்குறவங்க எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், கைய உள்ள விட்டாலே சிதறி ஓடுது என்ன பண்றதுன்னு. எங்க வீட்டுல நடந்தத சொல்றேன். சிறுவிடைங்கிற நாட்டுக்கோழிக் குஞ்சு, பொரிச்ச மறுநாளே வந்துச்சு. அட்டப்பெட்டி, கீழ நெல் உமி, மேல ஒரு குண்டு பல்பு. மொத வாரம் குஞ்சு மட்டத்துல 95 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கணும், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி கொறச்சுகிட்டே வரணும். இத ஏன் சொல்றேன்னா, குளுருல பல்புக்கு அடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கத்திட்டு கிடக்குற குஞ்சுகிட்ட போய் பழகு பழகுன்னா எங்கேர்ந்து பழகும், சூடு சரியா இருந்தா பெட்டி பூரா பரவி நின்னு மெல்லமா கீச் கீச்னுட்டு மேயும், அந்த நேரத்துலதான் நம்ம கை உள்ள போகணும்.

அதுவும் மேல இருந்து போகக் கூடாது. மேல இருந்து வர்றது எதுவா இருந்தாலும் அதுக்கு பருந்துதான். நான் பெட்டியோட பக்கவாட்டுல கத்தியால ஒரு ஜன்னல் வெட்டிட்டேன். உள்ளங்கைய தரையோட தரையா விரிச்சு கொஞ்சம் கம்பு போட்டுட்டு ஆட்டாம அசைக்காம உக்காந்து செல்போன் பாத்துட்டு இருந்தேன். முதுகுல கருப்பு கோடு போட்ட ஒண்ணுதான் முன்னாடி வந்துச்சு. கம்ப விட்டுட்டு மொதல்ல என் நகத்த கொத்துச்சு, அப்புறம் மணிக்கட்டு மச்சத்த பிடுங்கப் பாத்துச்சு, அது வரலன்னதும்தான் கம்புக்கு வந்துச்சு. அது தின்னதப் பாத்து மத்ததும் வந்துருச்சு. ஒண்ணு பழகுனா போதுங்க, மிச்சத்த அதே பழக்கிரும்.

கொங்குக்காரி:
அண்ணா நீங்க சொல்றது தாயில்லாத குஞ்சுக்குங்க. எங்க ஊர்ப்பக்கம் இன்னும் அடை வெச்சுத்தானுங்க பொரிக்கறோம், அதுல குஞ்சப் பழக்க வேண்டியதே இல்ல, தாயப் பழக்கோணும். அடையில இருந்து தீனிக்கு எந்திரிக்கறப்ப நாமளே கையில தானியம் குடுத்து பேச்சுக் குடுத்துட்டே இருக்கோணும். 21 நாள்ல குஞ்சு வரும், அதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னயே முட்டைக்குள்ளார கத்த ஆரம்பிச்சுரும், தாயும் மெதுவா கொக் கொக்னு பதில் குடுக்கும். காதுகிட்ட வெச்சுப் பாருங்க, கேக்கும். பொரிச்சப்பறம் பஞ்சாரத்துக்கு வெளிய உக்காந்து நாம குருணை போட்டா தாய் அத எடுத்து கீழ போட்டு, எடுத்து கீழ போட்டு, கொக்கொக்கொக்னு கூப்புடும் பாருங்க, அந்தக் குரல் வந்தா குஞ்சு ஆளு யாருன்னே பாக்காது, ஓடியாந்துரும். தாய் முரடா இருந்தா ஒண்ணும் நடக்காது, நம்ம கையில ரத்தம்தான் வரும்.

ராத்திரிவாசகன்:
இதுக்கு ஒரு பழைய சோதனை இருக்கு. 1873ல டக்ளஸ் ஸ்பால்டிங்னு ஒருத்தர், பொரிச்ச குஞ்சுக்கு கண்ண மறைக்கிற மாதிரி சின்ன முக்காடு போட்டு விட்டுருக்காரு. சீக்கிரம் முக்காட்ட எடுத்த குஞ்சுங்க அவரு பின்னாடியே ஓடி வந்துருக்கு, கிட்டத்தட்ட 4 நாள் முக்காட்டோடயே இருந்த குஞ்சுங்க அவரப் பாத்ததும் பயந்து ஓடிருக்கு. அதனால லேட்டா வாங்குன குஞ்சு பழகாதுன்னு நெனச்சுக்காதீங்க, பழகும், ஆனா பின்னாடி ஓடி வராது, தீனிக்காக வரும்.

நெல்லை மைனி:
எங்க வீட்டுல கரையான்தான் மருந்து. பழைய பானையில சாணி, கிழிஞ்ச சாக்கு, தென்னமட்டத் துண்டு போட்டு தண்ணி தெளிச்சு சாயந்தரம் கரையான் இருக்க எடத்துல கவுத்திட்டா காலையில வெள்ளை வெளேர்னு மொய்ச்சுக் கெடக்கும். அத கையில கொட்டி நீட்டுனா பயமாவது ஒண்ணாவது, கை மேல ஏறி நின்னு ஒண்ணுக்கொண்ணு வாயில இருந்து பிடுங்கிட்டு ஓடும். வயிறு நெறஞ்சதும் உள்ளங்கையிலயே உக்காந்து தூங்கும். கண்ணு மூடுறத கவனிச்சுருக்கியளா, நமக்கு மாதிரி மேல இமை எறங்காது, கீழ இமை மேல ஏறும். எம் மருமக மவ அதப் பாக்கதுக்குன்னே நடுராத்திரி முழிச்சுக் கெடப்பா. பிள்ளைங்க கையில குடுக்கும்போது தரையில உக்கார வச்சுதான் குடுக்கணும், நின்னுகிட்டு வாங்குனா கொத்துனதும் பட்டுனு போட்டுருங்க. முத்தமும் குடுக்க விடாதிய, தொட்டா கைய சோப்பு போட்டு கழுவணும், சால்மோனெல்லாங்கற வயித்துப்போக்கு கிருமி அதுங்க எச்சத்துல இருக்கும், குஞ்சு பாக்க நல்லாத்தான் இருக்கும்.

சண்டைச்சேவல்:
எல்லாரும் ஆகா ஓகோங்குறீங்க, நான் எதிர்ப்பாட்டு பாடுறேன். பெட்டைய எவ்ளோ வேணா கொஞ்சுங்க. சேவலக் கொஞ்சாதீங்க. மடியில வச்சு வளத்த சேவலுக்கு மனுசன்னா பயமே இருக்காது, 5, 6 மாசத்துல வெடச்சு நிக்கும்போது நம்மளையும் இன்னொரு சேவலாத்தான் பாக்கும். தெருவுல ஒரு வீட்டுல பால்காரர் உள்ளயே போக முடியல, கேட்டத் தொறந்தா முள்ள நீட்டிட்டு பறந்து வருது. கொண்டை முன்னாடியே செவந்து பெருசாகுறது பெரும்பாலும் சேவல்தான், அதுங்கள அப்பவே கொஞ்சம் தள்ளி வைங்க.

கொங்குக்காரி:
இது நெசந்தானுங்க. எங்கூட்டுல ஒண்ணு அப்பிடித்தான், ஆடிக்கு கொழம்பாயிருச்சு.

திண்ணைக்கோழி:
சரிதான், என் கருப்புக்கோட்டுக்கும் இப்ப கொண்டை செவக்குது. தோள்ல ஏத்துறத நிறுத்தியாச்சு, தீனி மட்டும் தட்டுல. இன்னொண்ணு, 7ஆம் நாள் ராணிக்கெட் (வெள்ளைக்கழிச்சல்) நோய்க்கான தடுப்பு மருந்து சொட்டு கண்ணுல விடுறப்போ கையில பழகுன குஞ்சு சிணுங்கக்கூட இல்ல, ஆனா மருந்து விட்ட கைய ரெண்டு நாள் கிட்ட சேத்துக்கல. அடுத்த தடவ மருந்த வீட்டுக்காரம்மாகிட்ட குடுத்துரலாம்னு இருக்கேன். 😄