ஸ்லோடைவ், பேவ்மென்ட், ஆர்கேட் ஃபயர்: இண்டி பேண்ட் வாதங்களில் எதிர்ப்படுபவை

மாலை ரிவெர்ப்

பெரிய இசை நிறுவனங்களைச் சாராத இண்டி பேண்டுகளைப் பற்றிய பேச்சு எங்கே நடந்தாலும் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. நன்றாக வாசிக்கிறார்களா, எத்தனை பேர் கேட்கிறார்கள், விமர்சகர்கள் மதித்தார்களா. ஒன்றுக்கான ஆதாரத்தை இன்னொன்றுக்கு நீட்டுவதால்தான் வாதம் முடிவதே இல்லை. இந்த இழையில் உங்களுக்கு எதிர்ப்பட்ட வாதங்களை, சரிபார்க்கும் வழியோடு, உங்கள் புனைபெயரில் எழுதுங்கள். ஸ்லோடைவ் என்ற பிரிட்டிஷ் ஷூகேஸ் குழுவிலிருந்து தொடங்குகிறேன். ஷூகேஸ் என்பது கிட்டார் ஒலியை அடுக்கி மங்கலாக்கும் ராக் வகை.

"டிக்டாக் தூக்கிவிட்ட பேண்ட், அதைப் பார்த்துத்தான் விமர்சகர்களும் மனம் மாறினார்கள்" என்பது அடிக்கடி காதில் விழும் வாதம். தேதிகளை வரிசையாக வைத்தால் இது நிற்காது. ரெடிங் நகரில் 1989இல் தொடங்கிய குழு. இரண்டாவது ஆல்பம் 'சவ்லாகி' 1993இல் வந்தபோது பிரிட்டிஷ் வார இதழ்கள் ஷூகேஸைக் கைகழுவிவிட்டு கிரஞ்ச், பிரிட்பாப் என்ற புது ராக் போக்குகளுக்கு நகர்ந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றான மெலடி மேக்கரின் விமர்சனம் ஈவிரக்கமே இல்லாதது. 1995இல் அடுத்த ஆல்பம் 'பிக்மேலியன்' வந்த சூட்டோடு, அவர்களுடைய ஆல்பங்களை வெளியிட்ட கிரியேஷன் லேபிள் அவர்களை வெளியே அனுப்பியது. 2014இல் பார்சிலோனாவின் பிரிமாவேரா விழாவில் மறுபடியும் மேடை ஏறினார்கள். 2016இல் பிட்ச்ஃபோர்க் இசை விமர்சனத் தளம் சிறந்த ஷூகேஸ் ஆல்பங்களை வரிசைப்படுத்தியபோது 'சவ்லாகி'க்கு இரண்டாம் இடம் கிடைத்தது. டிக்டாக் உலகச் சந்தைக்குப் பரவியது அதற்குப் பிறகுதான். ஆக, மதிப்பு முதலில் வந்தது, இளைஞர் கூட்டம் பின்னால் வந்தது. 2023இல் 'எவ்ரிதிங் இஸ் அலைவ்' பிரிட்டன் பட்டியலில் 6ஆம் இடம் பிடித்தது. அந்தக் குழு முதல் பத்துக்குள் நுழைந்ததே அப்போதுதான்.

ஆஃப்செட் கிட்டார்

"பெடலை மிதித்தால் யார் வேண்டுமானாலும் ஸ்லோடைவ் ஆகலாம்." ஷூகேஸ் பேச்சு வந்தாலே இந்த வரியும் வந்துவிடும். கிட்டார் ஒலியை மாற்றும் காலடிக் கருவிதான் பெடல். இதைச் சொல்பவரிடம் வாதம் செய்வதைவிட ஒரு மணி நேரம் கிட்டாரைக் கையில் கொடுப்பது நல்லது.

அவர்கள் பயன்படுத்திய கருவி ரகசியம் இல்லை. யமஹா எஃப்எக்ஸ்500 என்ற ரேக் யூனிட், அதிலுள்ள 'சாஃப்ட் ஃபோக்கஸ்' என்ற ஒலியமைப்பு. ரிவெர்ப் (ஒலி அடங்காமல் நீளுவது), கோரஸ் (ஒலி இரட்டித்து அசைவது) போன்றவை சேர்ந்தது அது. அந்தப் பெயரிலேயே இன்று தனி பெடலும் விற்கிறது. பெடல் இல்லாதவர்கள் கணினியிலேயே செய்து பார்க்கலாம். ஐந்து விநாடி நீளும் ஹால் ரிவெர்ப், பாதிக்குப் பாதி கலவை, மெதுவாக ஆடும் கோரஸ், 400 மில்லிவிநாடி அளவில் ஒரு டிலே (தாமதித்து வரும் எதிரொலி). இப்போது வழக்கமான ஆறு கம்பி பார் கார்டுகளை (ஒரு விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே வைத்துப் பிடிப்பவை) தாளச் சுற்றுக்கு எட்டு முறை ஸ்ட்ரம் செய்யுங்கள். சேறுதான் கேட்கும். முந்தைய கார்டின் வால் அடங்குவதற்குள் அடுத்த கார்டு அதன்மேல் விழுகிறது, கீழ்க்கம்பிகளின் முழக்கம் எல்லாவற்றையும் மூடுகிறது.

தீர்வு பெடலில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. ஒரு கிட்டார் இரண்டு மூன்று ஸ்வரங்களை மட்டும் பிடித்து நிறுத்தும், இன்னொன்று மேல்கம்பிகளில் நடக்கும். அடிச் சுரத்தை பேஸுக்கு விட்டுவிட வேண்டும். அடுத்த கார்டு வந்து மோதினாலும் இரைச்சலாகாதபடி இரண்டுக்கும் பொதுவான ஒரு ஸ்வரத்தை ஒலிக்க விடவேண்டும். ரிவெர்புக்குப் போகும் ஒலியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பாதிச் சேறு வடிந்துவிடும். கிட்டாருக்குக் கூர்மையான தொடக்கமே இல்லாமல் போவதால் தாளத்தின் முழுப் பாரமும் டிரம்மர் தலையில். அவர் சற்றே தடுமாறினாலும் மொத்தமும் கரைந்துவிடும். இதை யோசித்து எழுதுவது திறமை இல்லையென்றால் வேறு எது திறமை?

மை பிளடி வாலன்டைன் என்ற இன்னொரு ஷூகேஸ் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ் விஷயத்தில் தவறு எதிர்ப்பக்கம் நடக்கிறது. 'லவ்லெஸ்' ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டிலும் நூறு கிட்டார் அடுக்கியிருக்கிறது என்று ரசிகர்களே மெச்சிச் சொல்வார்கள். அவ்வளவு அடுக்கவில்லை என்று அவரே பலமுறை மறுத்திருக்கிறார். ஜாஸ்மாஸ்டர் கிட்டாரில் சுருதியை அசைக்கும் ட்ரெமலோ கைப்பிடியை உள்ளங்கைக்குள் வைத்தபடியே ஸ்ட்ரம் செய்கிறார். சுருதி மேலும் கீழும் சாய்ந்துகொண்டே இருக்கிறது. அதோடு ரிவர்ஸ் ரிவெர்ப் (தலைகீழாக ஒலிக்கும் ரிவெர்ப்) சேர்ந்தால் ஒரு கிட்டாரே கூட்டமாகக் கேட்கும். முயல்பவர்கள் இடறும் இடம், சாய்வின் அளவு அடிக்கு அடி மாறிவிடுவது. கழுத்து முனையில் கம்பி அமரும் நட்டில் கம்பி சிக்கினால் சுருதி பழைய இடத்துக்குத் திரும்பாது. கம்பி நகரும் பள்ளத்தில் கிராஃபைட் தடவினால் ஓரளவு சரியாகும்.

நேரில் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மை பிளடி வாலன்டைன் கச்சேரிகளில் வாசலிலேயே காதடைப்பான் கொடுப்பார்கள், கட்டாயம் போடுங்கள். ஆனால் பஞ்சு அடைப்பான் மேல்சுரங்களை அதிகம் தின்றுவிடும். அதைப் போட்டுக்கொண்டு "மிக்ஸிங் மோசம், பாட்டே கேட்கவில்லை" என்று எழுதுவது நியாயமில்லை. எல்லாச் சுரங்களையும் ஏறத்தாழச் சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர் அடைப்பான் வாங்குங்கள். கைபேசிக் காணொளியை வைத்தும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதன் மைக் உரத்த ஒலியை நசுக்கிவிடும். ஷூகேஸில் குரல் தாழ்ந்திருப்பது வேண்டுமென்றே செய்வது.

நாற்பத்தைந்து ஆர்பிஎம்

எண்களுக்கு வருகிறேன். "ஸ்பாட்டிஃபையில் இத்தனை கோடி, எனவே பெரிய பேண்ட்" என்ற வாதத்துக்குப் பதில் சொல்ல பேவ்மென்ட் என்ற அமெரிக்க இண்டி குழு போதும்.

அவர்களுடைய பாடல்களில் ஸ்பாட்டிஃபையில் அதிகம் கேட்கப்பட்டது 'ஹார்னெஸ் யுவர் ஹோப்ஸ்'. 'பிரைட்டன் தி கார்னர்ஸ்' ஆல்பத்துக்காகப் பதிவாகி அதில் இடம் கிடைக்காமல், 1999இல் ஒரு ஈபியில் (சில பாட்டு மட்டும் கொண்ட குறு வெளியீடு) துணைப்பாட்டாக வந்தது. விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய 'ஸ்லான்டட் அண்ட் என்சான்டட்' பாடல்களையெல்லாம் இது தாண்டிவிட்டது. கேலக்ஸி 500 குழுவின் 'ஸ்ட்ரேஞ்ச்' பாடலுக்கும் இதே நடந்தது. அந்தக் குழுவின் டிரம்மர் டேமன் க்ருகோவ்ஸ்கி காரணத்தைத் துருவி 2018இல் எழுதினார். 2017 ஜனவரியில் ஸ்பாட்டிஃபையில், கேட்டுக்கொண்டிருந்த ஆல்பம் முடிந்ததும் தானாகவே அடுத்த பாட்டைத் தொடரும் வசதி எல்லாருக்கும் இயல்பாகவே இயங்கும்படி வைக்கப்பட்டது. அப்போதிருந்துதான் அந்தப் பாட்டின் எண்ணிக்கைக் கோடு மேலே ஏறுகிறது. அந்த வசதி, மற்ற குழுக்களின் பாட்டோடு அதிகம் ஒத்துப்போகும் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரு குழுவின் தனித்தன்மை குறைவாகத் தெரியும் பாட்டு அங்கே முன்னுக்கு வந்துவிடும். 'ஹார்னெஸ் யுவர் ஹோப்ஸ்' அருமையான பாட்டுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எண்ணிக்கை அதைச் சொல்லவில்லை.

சரிபார்ப்பது எளிது. கலைஞர் பக்கத்தைத் திறந்து முதல் பத்துப் பாடல்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். முதல் பாட்டு மட்டுமே பாதிக்கு மேல் என்றால் அது பாட்டின் புகழ், பேண்டின் புகழ் இல்லை. ஐந்தாவது, பத்தாவது பாட்டும் ஏறத்தாழ அதே உயரத்தில் நின்றால் ஆல்பத்தையே கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மாதக் கேட்போர் என்பது 28 நாள் கணக்கு. விளம்பரத்திலோ பெரிய பிளேலிஸ்டிலோ ஒரு பாட்டு விழுந்தால் வீங்கும், பிறகு வடியும். ஒரு பாட்டை 30 விநாடி கேட்டாலே ஒரு கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். காசு கொடுத்து வருபவர்களைத் தெரிய வேண்டுமென்றால் எந்த அரங்கில் வாசிக்கிறார்கள், அதில் எத்தனை பேர் கொள்ளும், டிக்கெட் தீர்ந்ததா என்று பாருங்கள். விழா மேடையைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அங்கே கூட்டம் பல குழுக்களுக்கும் பொது.

லைனர் நோட்ஸ்

விமர்சகர் மதிப்பு என்ற பெயரில் வேறு வேறு பொருட்களை ஒரே கூடையில் போடுகிறோம்.

கனடாவின் ஆர்கேட் ஃபயர் குழு 2011இல் 'தி சபர்ப்ஸ்' ஆல்பத்துக்காக கிராமியின் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதை வென்றதும் "யார் இந்த ஆர்கேட் ஃபயர்?" என்று இணையமே கேட்டது. எமினெம், லேடி காகா, கேட்டி பெர்ரியை எல்லாம் தாண்டி வட கரோலைனாவின் மெர்ஜ் என்ற சிறு லேபிள் ஆல்பம் ஜெயித்தது பெரிய விஷயம். ஆனால் கிராமிக்கு வாக்களிப்பவர்கள் விமர்சகர்கள் இல்லை, பாடகர்களும் தயாரிப்பாளர்களும் ஒலிப்பொறியாளர்களும். "முகம் தெரியாத பேண்ட்" என்பதும் தப்பு. அந்த ஆல்பம் வந்த வாரமே அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம். கனடாவின் போலாரிஸ் ஆல்பப் பரிசையும் அதே ஆல்பம் 2011இல் வாங்கியது. அங்கே தீர்ப்புச் சொல்பவர்கள் இசைப் பத்திரிகையாளர்களும் ஒலிபரப்பாளர்களும், நுழைவுக் கட்டணம் கிடையாது. பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கோ ஆல்பத்தை முறையாக விண்ணப்பித்து அனுப்ப வேண்டும். அனுப்பாத ஆல்பம் பட்டியலில் வராது. "மெர்க்குரியே கண்டுகொள்ளவில்லை" என்று ஒரு சிறு குழுவைத் தட்டிக்கழிக்குமுன் அவர்கள் அனுப்பினார்களா என்று கேளுங்கள்.

மதிப்பெண்ணைச் சொல்லும்போது ஆண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நியூட்ரல் மில்க் ஹோட்டலின் இரண்டாவது ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க் 1998இல் கொடுத்தது 10க்கு 8.7, 2005 மறுவெளியீட்டுக்கு 10. இன்டர்போலின் முதல் ஆல்பத்துக்கு 2002இல் 9.5. 2021இல் பழைய மதிப்பெண்களைத் திருத்திய பட்டியலில் அது 7.0 ஆனது. பல விமர்சனங்களைச் சராசரியாக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்திலும் விமர்சனங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். நான்கு விமர்சனம் இருந்தாலே சராசரி போட்டுவிடுவார்கள். மதிப்பெண் தராத பத்திரிகை விமர்சனத்துக்கு அவர்களே ஒரு எண் ஒதுக்குவார்கள். ஒவ்வொரு பத்திரிகைக்கும் என்ன எடை என்று வெளியே சொல்வதும் இல்லை. ஐந்து விமர்சனத்தில் வந்த 86ஐயும் முப்பதில் வந்த 84ஐயும் ஒப்பிட்டுச் சண்டை போடுவது வீண்.

மாலை ரிவெர்ப்

ஆஃப்செட் கிட்டார் சொன்னதற்கு ஒரு சேர்க்கை. வாசிப்பைச் சோதிக்க ஒரே பாட்டின் மூன்று வடிவம் எடுங்கள்: ஆல்பம், சியாட்டிலின் கேஇஎக்ஸ்பி வானொலி அமர்வு, முழுக் கச்சேரிப் பதிவு. ஆல்பத்தின் வேகத்தை நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணிக் குறித்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஒப்பிடுங்கள். வேகம் கூடுவது குறையே இல்லை, பாட்டின் நடுவே தடுமாறினால்தான் குறை. குரலை மட்டும் சோதிக்க அமெரிக்க வானொலி என்பிஆரின் டைனி டெஸ்க் நிகழ்ச்சி நல்லது. அந்த அறையில் பாடகருக்கு ஒலிபெருக்கி கிடையாது, டிரம்ஸும் தணிந்தே ஒலிக்க வேண்டும். ஷூகேஸ் குழுக்களை அதை வைத்து அளக்காதீர்கள், உரத்த ஒலி அவர்களுக்குப் பாட்டின் ஒரு பகுதி.