கமோமில்: நிலக்குமளியா, சீமைச்சாமந்தியா?

வணக்கம். மாடித்தோட்ட வகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பூவை உலர்த்தித் தேநீராகக் குடிக்கும் கமோமில் செடியின் இரு வகைக்கும் தமிழ்ப்பெயர்கள் வேண்டும். ஜெர்மன் கமோமில் ஒருபருவச் செடி, இரண்டடி நிமிர்ந்து வளரும். ரோமன் கமோமில் பல்லாண்டுச் செடி, தரையோடு படரும். விதை உறையில் பொதுவாகக் ‘கமோமில்’ என்று மட்டும் இருந்தால் வாங்குபவர் ஏமாறுகிறார்.
— க.

கிரேக்கத்தில் ‘கமாய்’ தரை, ‘மேலோன்’ ஆப்பிள். பூவைக் கசக்கினால் அந்த மணம் வரும். ஸ்பானியரும் ‘மன்சனில்லா’, சிற்றாப்பிள் என்கிறார்கள். ஆப்பிளுக்குக் ‘குமளி’ என்ற ஆக்கம் இருக்கிறதே. நிலக்குமளி!
— தி.

ஐயா, நிலக்குமிழ் என்று முள்ளுள்ள புதர்ச்செடி ஒன்று நம் காடுகளில் உண்டு. மூக்குக்குப் புலவர்கள் உவமை சொன்ன குமிழம்பூவின் இனம். இரண்டெழுத்துப் பிழையில் மருந்துச்செடி மாறிவிடும். பழைய மருந்துநூல்களின் ‘சீமைச்சாமந்தி’ போதும்.
— மு.

‘சீமை’ வடசொல், எல்லை என்று பொருள். சாமந்தியும் தெலுங்கில் வழங்குவது. திருச்சி மலைக்கோட்டை இறைவன் செவ்வந்திநாதர். செவ்வந்தி என்றாவது எழுதுங்கள்.
— தி.

சீமைக்கருவேலம் என்று ஊரே சொல்கிறது, அதை மாற்றுவீர்களா? இந்தப் பூவில் இதழ் வெள்ளை, நடு மஞ்சள். செம்மைக்கு இடமில்லை.
— மு.

பெயர் இருக்கட்டும். வரைவில் ‘அரை அங்குல ஆழத்தில் விதைக்கவும்’ என்றிருக்கிறது. அதை முதலில் நீக்குங்கள். இந்த விதை தூசி போன்றது, முளைக்க வெளிச்சம் வேண்டும். நுண்மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் அழுத்தினால் போதும், மண் மூடக்கூடாது. பூவாளி விதையை ஒதுக்கிவிடும், தெளிப்பானால் நனையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். சமவெளியில் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால்தான் வெயிலுக்கு முன் பூக்கும். நாற்றுக்கு நாற்று ஓரடி. எருவை அள்ளிப் போட்டால் தழைதான் வரும், பூ குறையும். வெள்ளிதழ்கள் கிடையாக விரிந்ததும் கொய்து நிழலில் உலர்த்துங்கள். கீழே மடிந்தபின் பறித்தால் உலரும்போது தலை உதிர்ந்துவிடும். மொட்டடியில் அசுவினிப் பூச்சி சேர்ந்தால் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். குடிக்கும் பூவில் மருந்து வேண்டாம்.

இனம் காணப் பூத்தலையை நெடுக்காக நறுக்குங்கள். உள்ளே புழை, அதாவது வெற்றிடம், இருந்தால் ஜெர்மன், கெட்டியாக இருந்தால் ரோமன்.
— ந.

ஆகா! யானைத் துதிக்கையைப் புழைக்கை என்கிறோமே. புழைச்சாமந்தி!
— தி.

வகுப்புக்கு வருபவர் பூ வரும்வரை புழையைக் காணமுடியாது. வளரும் வாகு பூக்கும் முன்பே தெரியும். நிமிர்சாமந்தி, படர்சாமந்தி. இரண்டும் வினைத்தொகை, ஊறுகாய் போல ஒற்று மிகாது.
— மு.

நால்வர் இசைந்துவிட்டார்கள். கமோமில் என்பதையும் பக்கத்திலேயே சேர்த்து அச்சுக்கு அனுப்புகிறேன். விதைப்புப் பகுதியைத் திருத்திவிட்டேன்.
— க.

எனக்கு உடன்பாடில்லை. சாமந்தி என்று படித்தவர் தூரிலிருந்து பக்கக்கன்று பிரித்து நடப் பார்ப்பார். ரோமனுக்கு அது சரி. ஜெர்மன் விதையால் மட்டுமே பெருகும். தலைப்பில் கமோமில் என்றே போடுங்கள்.
— ந.