"தொடர்ந்து" என்ற சொல்லை மூன்று முறை நீக்கியவருக்கு

முள்முனை | காலை 6:40
பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் இசைக்குழுவின் "தி டார்க் சைட் ஆஃப் தி மூன்" ஆல்பத்தைப் பற்றிய நம் கலைக்களஞ்சியக் கட்டுரையின் முதல் பத்தியில் ஒரு வரி இருக்கிறது, அல்லது நேற்று இரவு வரை இருந்தது: "1973 முதல் 1988 வரை இந்த ஆல்பம் அமெரிக்கப் பத்திரிகையான பில்போர்டின் விற்பனைப் பட்டியலில் தொடர்ந்து 741 வாரங்கள் இடம்பெற்றது." யாரோ ஒருவர் வந்து "தொடர்ந்து" என்பதை மட்டும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். தொகுப்புச் சுருக்கத்தில் இரண்டே சொல்: "கணக்கு உதைக்கிறது." மீட்டேன். மறுபடி நீக்கினார். மீட்டேன். மறுபடியும் நீக்கினார். இந்தக் கட்டுரையில் முக்கால்வாசி வரிகள் என்னுடையவை. பேச்சுப் பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் கை வைப்பது எந்த ஊர் நாகரிகம்?

அமாவாசை | காலை 7:05
நீக்கியவன் நான்தான். வரலாற்றுப் பக்கத்தில் பெயர் தெரிகிறது, "யாரோ ஒருவர்" என்று நாடகம் வேண்டாம்.

ஆல்பம் 1973 மார்ச் நடுவில் பட்டியலுக்குள் வந்தது. அங்கிருந்து ஒரு வாரம்கூட விடாமல் 741 வாரம் ஓடியிருந்தால் 1987 மே மாதக் கடைசியில் ஓட்டம் முடிந்திருக்கும். நீங்களோ 1988 வரை என்கிறீர்கள். 1988 ஜனவரி முதல் தேதியே வெளியேறிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் 771 வாரம் ஆகிறது. மீதி 30 வாரம் எங்கே? நடுவில் பட்டியலை விட்டு வெளியே போய்வந்திருக்கிறது. ஆகவே "தொடர்ந்து" கிடையாது. அவ்வளவுதான் விஷயம்.

முள்முனை | காலை 7:31
கால்குலேட்டரைத் தட்டிக் கலைக்களஞ்சியம் எழுதுவதற்கு ஒரு பெயர் உண்டு: சொந்த ஆய்வு. அது இங்கே கூடாது. நான் கொடுத்திருக்கும் சான்று அச்சில் வந்த புத்தகம், பக்க எண்ணோடு. அதில் "தொடர்ந்து" என்ற பொருளில்தான் இருக்கிறது. மெய்யறிதன்மைக் கொள்கையைப் படித்துப் பாருங்கள். நமக்கு எது உண்மை என்று தோன்றுகிறது என்பது இங்கே கேள்வியே இல்லை, வெளியான சான்று என்ன சொல்கிறது என்பதுதான் கேள்வி. சான்று "தொடர்ந்து" என்கிறது. கட்டுரையும் "தொடர்ந்து" என்று சொல்லும்.

அமாவாசை | காலை 7:48
சொந்த ஆய்வு பற்றிய கொள்கைப் பக்கத்தைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்திருக்கலாம். எளிய கூட்டல் கழித்தல் சொந்த ஆய்வில் சேராது என்று அங்கேயே எழுதியிருக்கிறது. ஒருவர் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் தெரிந்தால் வயதைக் கழித்து எழுதுகிறோமே, அதற்கெல்லாம் புத்தகம் தேடுகிறோமா? சான்றில் உள்ள பிழையை எழுத்துக்கு எழுத்து படியெடுக்க வேண்டும் என்று எந்தக் கொள்கையும் கட்டளையிடவில்லை.

நடைவண்டி | காலை 8:10
வணக்கம், நான் புதியவன். ஒரு சந்தேகம். "பில்போர்டு பட்டியல்" என்று எழுதும்போது எந்தப் பட்டியலைச் சொல்கிறோம்? அந்தப் பத்திரிகை 1991இல் பழைய ஆல்பங்களுக்கென்று தனிப் பட்டியல் தொடங்கியது. 2009 வரை பழைய ஆல்பங்களை முதன்மைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்த இடைவெளியில் இந்த ஆல்பம் தனிப் பட்டியலில்தான் இருந்தது. இன்னொன்று, "தொடர்ந்து" என்றால் ஒரு வாரம்கூட விடாமல் என்று பொருளா, திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது என்று பொருளா? முதலில் இதை முடிவு செய்துகொண்டால்...

முள்முனை | காலை 8:22
புதியவர் என்றால் முதலில் கையொப்பமிடக் கற்றுக்கொள்ளுங்கள். 1991 பற்றி இங்கே யாரும் பேசவில்லை.

அமாவாசைக்கு: உங்கள் 30 வாரத்துக்கு வருகிறேன். அந்தப் பத்திரிகை ஆண்டுக் கடைசியில் இரட்டை இதழ் போடும் வழக்கம் உடையது. அந்த வாரத்துக்குப் புதுப் பட்டியல் கிடையாது. இதெல்லாம் வினைல் தட்டு வாங்கிப் பழகியவர்களுக்குத் தெரியும். இணையத்தில் பாட்டுக் கேட்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

அமாவாசை | காலை 8:40
வருடத்துக்கு ஒன்று என்று தாராளமாக 15 வாரத்தைத் தள்ளிக் கொடுத்துவிட்டேன். 756 வருகிறது. உங்கள் எண் 741. இன்னும் 15 வாரம் துண்டு விழுகிறது. அதற்கு எந்த இதழைக் கொண்டுவரப் போகிறீர்கள், பொங்கல் மலரா?

முள்முனை | காலை 8:52
ஏளனம் வாதமாகாது. சான்று "தொடர்ந்து" என்கிறது.

கீறல் விழுந்த தட்டு | காலை 9:30
நல்ல வேளை, இந்தப் பக்கம் மறுபடி உயிர் பெற்றது. இதே கட்டுரையில் பாடல் எண்ணிக்கை ஒன்பது என்று இருக்கிறது. பத்து என்று திருத்தினேன். "தேவையற்ற மாற்றம்" என்று முள்முனை அழித்தார். "ஸ்பீக் டு மீ" குழுவின் டிரம்மர் நிக் மேசன் பெயரில் உள்ள தனி ஆக்கம். இதயத் துடிப்பு, கடிகாரச் சத்தம், கல்லாப்பெட்டி ஒலி எல்லாவற்றையும் ஒட்டிச் செய்தது. அதற்குப் பிறகு வருவது "ப்ரீத்". சில குறுந்தட்டுகளில் இரண்டையும் ஒரே தடமாக வெட்டியிருக்கிறார்கள் என்பதற்காக ஒருவருடைய ஆக்கத்தையே எண்ணாமல் விடலாமா?

கிளேர் டோரியைப் பற்றி நான் எழுதிய பத்தியும் போன வருடம் இப்படித்தான் காணாமல் போனது. "தி கிரேட் கிக் இன் தி ஸ்கை" பாட்டில் சொற்களே இல்லாமல் குரலால் மட்டும் பாடியவர் அவர். அன்றைக்குக் கிடைத்த கூலி 30 பவுண்டு. 2004இல் வழக்குப் போட்டார், 2005இல் சமரசமானது, அதற்குப் பிறகு குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் பெயரோடு அவர் பெயரும் இணை ஆசிரியராக வருகிறது. இவ்வளவையும் "மிக நீளம்" என்ற ஒரே காரணத்தில் நீக்கினார். பட்டியல் வாரங்களுக்கு மட்டும் மூன்று பத்தி!

முள்முனை | காலை 9:44
அந்தப் பத்தியில் நான்கு எழுத்துப் பிழை இருந்தது. நீளம் என்று நான் எழுதியது மரியாதைக்காக.

கீறல் விழுந்த தட்டு | காலை 9:47
பிழையைத் திருத்துவதற்குப் பத்தியையே வெட்டுவீர்களா? தலைவலிக்குத் தலையை எடுக்கிற வைத்தியம்.

ஒற்றெழுத்து | காலை 10:15
பிழை என்ற பேச்சு வந்ததால் நுழைகிறேன். கட்டுரை முழுவதும் "ஃபிளாய்ட்" என்று ஆய்தத்தில் தொடங்குகிறது. ஆய்தம் தனிக்குறிலுக்குப் பின்னும் வல்லின உயிர்மெய்க்கு முன்னும் வரும், எஃகு, அஃது போல. சொல்லின் முதலில் வராது. "பிளாய்டு" என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? இதை 2 முறை எழுப்பிவிட்டேன். பதிலே இல்லை. இசைக்குழுவின் பெயரையே சரியாக எழுதத் தெரியாதவர்கள் வாரக் கணக்குக்குச் சண்டை போடுகிறீர்கள்.

அமாவாசை | காலை 10:20
ஐயா, அந்தப் பஞ்சாயத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

ஒற்றெழுத்து | காலை 10:24
"இன்னொரு நாள்" என்றுதான் போன முறையும் சொன்னார்கள்.

முள்முனை | காலை 10:50
பேச்சைத் திசைதிருப்ப வேண்டாம். தலைப்பில் உள்ளது ஒரே சொல்தான். "தொடர்ந்து." இந்தச் சொல்லை நான் மட்டும் சொல்லவில்லை. இணையத்தில் தேடிப் பாருங்கள், எத்தனையோ செய்தித்தாள்கள் இதே வரியை எழுதியிருக்கின்றன. அத்தனை பேரும் முட்டாள்கள், அமாவாசை ஒருவர்தான் அறிவாளியா?

அமாவாசை | காலை 11:06
அந்தச் செய்தித்தாள்களில் பாதி எங்கிருந்து எடுத்தன என்று நினைக்கிறீர்கள்? நம் மாதிரி பக்கங்களிலிருந்துதான். நாம் எழுதுவோம், அவசரத்தில் இருக்கும் நிருபர் அதை அப்படியே எடுத்தாளுவார், பிறகு அந்த நிருபரின் கட்டுரையை நாம் சான்றாக ஒட்டுவோம். கிணற்றுத் தண்ணீரை இறைத்து அதே கிணற்றில் ஊற்றிவிட்டு, "பாருங்கள், மழை பெய்திருக்கிறது" என்பது மாதிரி.

இன்னொன்றும் கேட்கிறேன். அமெரிக்கப் பட்டியலில் இந்த ஆல்பம் முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம், 1973 ஏப்ரல் கடைசியில். பிரிட்டனில் இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. அதை ஏன் ஐந்தாம் பத்தியில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான்.

முள்முனை | காலை 11:29
ஒளிக்கவில்லை, காலவரிசைப்படி வைத்திருக்கிறேன். 1973 மார்ச்சில் இந்த ஆல்பம் வெளிவந்ததிலிருந்து இன்றுவரை உலகம் முழுவதும் நான்கு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டே மேடைகளில் வாசித்து வாசித்துப் பழக்கி, பிறகு அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆலன் பார்சன்ஸ் என்ற பொறியாளரோடு உட்கார்ந்து பதிவு செய்தார்கள். இந்த வரலாற்றையெல்லாம் இங்கே வரி வரியாக எழுதியவன் நான். அப்போது நீங்கள் யாரும் இல்லை. மூன்று வருடம் கழித்து ஒரு சொல்லைப் பிடுங்க மட்டும் வருகிறீர்கள். கட்டியவனுக்கு ஒரு வீடு, இடிப்பவனுக்கு ஒரு கடப்பாரை. பில்போர்டு பட்டியலில் இவ்வளவு காலம் நிலைத்த ராக் ஆல்பம் வேறு இல்லை. அந்தச் சாதனையின் உயிரே "தொடர்ந்து" என்ற சொல்லில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் வெறும் எண்தான் மிஞ்சும்.

அமாவாசை | காலை 11:41
ஆக, சான்றுக்காக இல்லை, அழகுக்காக. இப்போதாவது வாயிலிருந்து வந்ததே.

முள்முனை | காலை 11:43
நான் அப்படிச் சொல்லவில்லை. திரிக்க வேண்டாம்.

கீறல் விழுந்த தட்டு | நண்பகல் 12:10
மூன்று வருடம் எழுதியவர் என்கிறார். உறைப்படம் பற்றிய பகுதியைப் பார்த்தீர்களா? கண்ணாடிப் பட்டகத்திலிருந்து "ஏழு வண்ணங்கள்" விரிகின்றன என்று எழுதியிருக்கிறார். தட்டு உறையைக் கையில் எடுத்து எண்ணுங்கள். ஆறுதான் இருக்கிறது. கருநீலம் கிடையாது.

அமாவாசை | நண்பகல் 12:14
இதைத்தான் எதிர்பார்த்தேன். முள்முனை அவர்களே, ஆறு வரை எண்ணுவது சொந்த ஆய்வா?

முள்முனை | நண்பகல் 12:36
வானவில்லுக்கு ஏழு நிறம். நியூட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். ஓவியர் ஒன்றை விட்டுவிட்டார் என்றால் அது ஓவியரின் விருப்பம். ஒளி விலகலுக்கு ஏழுதான். அந்த வாக்கியம் ஒளியைப் பற்றியது, உறையைப் பற்றியது அல்ல.

கீறல் விழுந்த தட்டு | நண்பகல் 12:38
பகுதியின் தலைப்பே "உறைப்படம்".

நடைவண்டி | பிற்பகல் 1:05
கையொப்பமிடக் கற்றுக்கொண்டேன். "741 வாரங்கள் (இடைவெளிகளுடன்)" என்று எழுதினால் எல்லாருக்கும் சரியாக இருக்குமா? அல்லது இரண்டு சான்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில்... நடைவண்டி

முள்முனை | பிற்பகல் 1:12
இல்லை.

அமாவாசை | பிற்பகல் 1:13
"இடைவெளிகளுடன்" என்று எதற்கு எழுத வேண்டும்? "தொடர்ந்து" என்ற சொல்லை எடுத்தாலே போதும். இல்லாத ஒன்றை இல்லை என்று வேறு எழுத வேண்டுமா?

ஒற்றெழுத்து | பிற்பகல் 1:30
"தொடர்ந்து" வினையெச்சம். அது "இடம்பெற்றது" என்ற வினையைத் தழுவும், "741 வாரங்கள்" என்ற பெயரைத் தழுவாது. இதை யாரும் கவனிக்கவில்லை.

அமாவாசை | பிற்பகல் 1:33
சரி, வினையைத் தழுவட்டும். இடம்பெறாத வாரத்தில் எப்படித் தொடர்ந்து இடம்பெற்றது?

முள்முனை | பிற்பகல் 2:02
இன்னொரு சந்தேகமும் வருகிறது. அமாவாசையும் கீறல் விழுந்த தட்டும் நான்கு நிமிட இடைவெளியில் ஒரே குரலில் பேசுகிறீர்கள். இரண்டும் ஒரே ஆளின் கைப்பாவைக் கணக்குகளோ என்று நிருவாகிகள் பார்க்க வேண்டும்.

கீறல் விழுந்த தட்டு | பிற்பகல் 2:09
இரண்டு பேருக்கு எண்ணத் தெரிந்தால் உடனே ஒரே ஆளா?

காவல்கோபுரம் (நிருவாகி) | பிற்பகல் 3:20
24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் கணக்கு தடைசெய்யப்படும். முள்முனை இரண்டிலும் அமாவாசை மூன்றிலும் நிற்கிறீர்கள். கைப்பாவைக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இருந்தால் உரிய பக்கத்தில் வையுங்கள், இல்லையென்றால் திரும்பப் பெறுங்கள். கட்டுரையை ஒரு வாரத்துக்குப் பூட்டியிருக்கிறேன். அதற்குள் இங்கே இணக்க முடிவுக்கு வாருங்கள்.

முள்முனை | பிற்பகல் 3:24
"தொடர்ந்து" இல்லாத பதிப்பில் பூட்டியிருக்கிறீர்கள். தீர்ப்பை எழுதிவிட்டு விசாரணைக்குக் கூப்பிடுகிறீர்கள்.

காவல்கோபுரம் (நிருவாகி) | பிற்பகல் 3:31
பூட்டும்போது எந்தப் பதிப்பு இருந்ததோ அதில்தான் பூட்டுவோம். அது எந்தத் தரப்புக்கும் ஒப்புதல் ஆகாது.

கீறல் விழுந்த தட்டு | பிற்பகல் 3:40
பாடல் எண்ணிக்கை ஒன்பது என்று இருக்கும் பதிப்பில் பூட்டியிருக்கிறீர்களே!

அமாவாசை | பிற்பகல் 3:44
ஏழு நிறமும் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும். ஒரு சொல்லாவது ஒழிந்ததே.

முள்முனை | மாலை 4:15
ஒழியவில்லை, ஒரு வாரம் ஓய்வெடுக்கிறது. பூட்டு திறக்கும் நேரத்தை நாள்காட்டியில் குறித்துக்கொண்டேன். திறந்த நிமிடமே மீட்பேன். புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். சான்று "தொடர்ந்து" என்கிறது.

அமாவாசை | மாலை 4:18
நானும் குறித்துக்கொண்டேன். இருவரும் ஒரே நேரத்தில் சந்திப்போம். உங்களுக்குப் பிடித்த முயலுக்கு மூன்றே கால், எனக்குப் பிடித்த ஆண்டுக்கு 52 வாரம்.

ஒற்றெழுத்து | மாலை 4:40
"நாட்காட்டி" என்றும் எழுதலாம். ஆனால் ஃபிளாய்ட் என்று எழுத முடியாது.