பால்கனியைச் சுத்தம் செய்ததில் 5 மூட்டை சேர்ந்துவிட்டது, என்ன செய்வது?

மூணாவதுமாடி:

மேற்கு மாம்பலம், வாடகை வீடு. பால்கனி 10 அடிக்கு 4 அடி, அதில் 22 தொட்டி. பொங்கல் முடிந்ததும் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள், சாரம் கட்ட வேண்டும், பாதியைக் காலி செய்யுங்கள் என்று அசோசியேஷனில் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன். குண்டுமல்லி இரண்டு, செம்பருத்தி, கம்பி முழுக்கச் சுற்றிக் கிடந்த சங்குப்பூக் கொடி, காய்ந்துபோன துளசி. மதியத்துக்குள் அரிசிச் சாக்கில் 5 மூட்டை! இரண்டு மூட்டை வெறும் மண், மழையில் இறுகிக் கல்லாகிவிட்டது.

குப்பை வண்டி அக்காவிடம் கேட்டேன். "இலைன்னா தினம் ஒரு பை குடும்மா. மண்ணை நான் எங்க கொட்றது?" என்றார். நியாயம்தான். கீழ்வீட்டு மாமா, "போகிக்குப் பத்து நாள்தானே, போட்டுக் கொளுத்திடலாம்" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. வேறு வழி உண்டா? அடுத்த வருஷமும் இப்படிச் சேரக் கூடாது.

கவாத்துக்காரி:

முதலில் மாமாவைத் தடுங்கள். 2018 போகியன்று புகைமூட்டத்தில் சென்னையில் விமானமே இறங்க முடியாமல் திரும்பிப் போயிற்று. அதிலும் குவியலில் அரளிக் குச்சி கலந்திருந்தால் புகையே நஞ்சு.

அப்புறம், உங்கள் இலை மூட்டையில் பாதி காற்று, மீதி தண்ணீர். ஆதம்பாக்கத்துக்குக் குடிவந்த முதல் வருஷம் நானும் இப்படித்தான் வெட்டி, சாக்கில் அமுக்கி, வாயை இறுக்கிக் கட்டி பால்கனி ஓரத்தில் வைத்தேன். நாலாம் நாள் அடியிலிருந்து பழுப்பாக ஒரு தண்ணீர் கசிந்து, கீழே காயப்போட்டிருந்த வெள்ளை வேட்டியில் சொட்டியது. அந்த வீட்டுக்காரர் இன்றைக்கும் லிஃப்டில் என் முகத்தைப் பார்ப்பதில்லை. பச்சை இலையைக் கட்டிவைத்தால் அழுகும், விரித்துவைத்தால் காயும். அவ்வளவுதான் விஷயம்.

இன்றைக்கே மூட்டையைப் பிரியுங்கள். மொட்டைமாடியில் பழைய பெட்ஷீட் விரித்து இலை, கொடி எல்லாவற்றையும் பரப்பி, பறக்காமலிருக்க மேலே ஒரு கிழிந்த கொசுவலை போடுங்கள். எனக்கு 3 மூட்டை ஐந்தாம் நாள் ஒரு மூட்டைக்கும் கீழே வந்தது. கையால் நொறுக்கியதும் ஒரு பக்கெட். அதைத் தொட்டிகளில் இரண்டு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடலாம், தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடம் விடுங்கள். மிச்சத்தைச் சமையலறை உர வாளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை காய்கறித் தோலுக்கு இரண்டு கை காய்ந்த இலை. வாளி நாறுகிறது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இலை போடாதவர்கள்.

செம்பருத்தி, மல்லியில் பென்சில் கனத்துக் குச்சிகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிப் போத்தாக நட்டுவிடுங்கள். செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி இருந்தால் அந்தக் கிளையை எதோடும் கலக்காதீர்கள். கறுப்புப் பாலிதீன் பையில் கட்டி இரண்டு வாரம் வெயிலில் போட்டுவிட்டு வண்டியில் கொடுங்கள்.

மண்ணைத் தூக்கிப்போடுவதுதான் எனக்குத் தாங்காது. சுத்தியால் தட்டி உடைத்து, வேரைப் பொறுக்கி, ஒரு வாரம் வெயிலில் காயவிடுங்கள். இரண்டு பங்கு பழைய மண், ஒரு பங்கு உரம், ஒரு பங்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), தொட்டிக்கு ஒரு கை வேப்பம்புண்ணாக்கு. மலிவு என்று 5 கிலோ கோகோபீட் கட்டியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஊறினால் 70 லிட்டர் வரை உப்பிவிடும், அதற்கு நீங்கள் தனி வீடு பார்க்க வேண்டும்.

இனிமேல் குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம் கவாத்து. தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டினால் வெயில் ஏறும்போது பூக்கும். மற்ற செடிகளுக்குச் சனிக்கிழமைக்கு ஒரு தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டியது ஒரு முறத்துக்குமேல் வராது.

வேளச்சேரி_வாசி:

மூடாக்கு விஷயத்தில் எனக்கு ஒரு தகராறு உண்டு. கோடையில் அருமை, ஒரு வேளைத் தண்ணீர் மிச்சம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே இலைக்கடியில் நத்தையும் மரவட்டையும் குடும்பத்தோடு வந்து உட்காரும். மரவட்டை ஒன்று படுக்கையறை வரை வந்தபிறகு வீட்டில் எனக்கு ஓட்டு கிடையாது. மழைக்கு முன் வாரி எடுத்து உர வாளியில் போட்டுவிடுங்கள்.

கவாத்துக்காரி:

ஒப்புக்கொள்கிறேன். மழைக்காலத்தில் நானும் எடுத்துவிடுவேன், சொல்ல விட்டுப்போயிற்று.

மூணாவதுமாடி:

ரொம்ப நன்றி அக்கா. இரண்டு வாரம் ஆயிற்று, நிலவரம் சொல்கிறேன். 3 மூட்டை இலை முக்கால் பக்கெட் ஆகிவிட்டது, நம்பவே முடியவில்லை. மண்ணை உடைக்கும்போது உள்ளே போன வருஷம் காணாமல்போன பூவாளி மூக்கு கிடைத்தது. சலித்ததில் 9 தொட்டிக்கு ஆயிற்று. வண்டி அக்காவிடம் மொத்தமாகக் கொடுத்தது மாவுப்பூச்சிப் பை ஒன்றும் கிழிந்த குரோபேக் நாலும்தான். மாமா போகியன்று பழைய பாயை வாசலில் வைத்துக் கொளுத்தத்தான் செய்தார், அதை என்னால் தடுக்க முடியவில்லை. செடிக்குவியல் தப்பியது.

ஒரு சந்தேகம். செம்பருத்திப் போத்து ஆறில் இரண்டு துளிர்த்திருக்கிறது. வேர் பிடித்துவிட்டதா என்று லேசாக இழுத்துப் பார்க்கலாமா?

கவாத்துக்காரி:

ஐயோ, வேண்டாம்! துளிர் குச்சியில் இருக்கிற சத்திலேயே வந்துவிடும், வேர் வர இன்னும் நாளாகும். நிழலில் வைத்து, மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாரம் கட்டுகிறவர்கள் மிதிக்காத இடமாக வையுங்கள்.