இன்ட்ராநெட்டில் கெர்பரோஸ் லாகின்: இரண்டு பெயர்களையும் ஒரே கீடேப்பில் சேர்ப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. எங்கள் அலுவலக உள்தளம் லினக்ஸில், அப்பாச்சியில் ஓடுகிறது. விண்டோஸில் லாகின் செய்தவரிடம் தளம் மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கக் கூடாது என்று ஆக்டிவ் டைரக்டரியோடு (விண்டோஸ் நெட்வொர்க்கின் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் சேவை) கெர்பரோஸ் (டிக்கெட் மூலம் ஆளை அடையாளம் காணும் முறை) அமைத்தேன். சர்வரின் முழுப் பெயரில் போனால் நேராக உள்ளே விடுகிறது. எல்லோரும் பயன்படுத்தும் குறும்பெயரில் போனால் மட்டும் பாஸ்வேர்டு பெட்டி வருகிறது. டிஎன்எஸ்ஸில் அது தனி ஏ ரெக்கார்டு (பெயரை நேராக ஐபி முகவரியோடு இணைக்கும் பதிவு).

செட்எஸ்பிஎன் (சர்வீஸின் பெயரை ஓர் அக்கவுண்டில் பதியும் விண்டோஸ் கட்டளை) கொண்டு அந்தப் பெயரையும் அதே சர்வீஸ் அக்கவுண்டில் சேர்த்துவிட்டேன். இனி கீடேப்பிலும் (அந்த அக்கவுண்டின் ரகசியச் சாவிகளை லினக்ஸ் சர்வரில் வைத்திருக்கும் கோப்பு) சேர்க்க வேண்டும். சாதாரணமாக கேடிபாஸை (கீடேப் உருவாக்கும் விண்டோஸ் கட்டளை) ஓட்டினால் அக்கவுண்டின் பாஸ்வேர்டைத் திரும்பப் பதித்து கீ வெர்ஷன் எண்ணை (சாவியின் பதிப்பு எண்) ஏற்றிவிடும். அப்புறம் பழைய கீடேப் செல்லாது. சம்பளச் சீட்டு, விடுப்பு எல்லாம் இந்தத் தளத்தில்தான், அதனால் சோதித்துப் பார்க்கத் துணிவில்லை.

எண் ஏறாமல் இரண்டு பெயர்களையும் சேர்த்தவர்கள் இருக்கிறீர்களா? கட்டளையோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.