எடை போட்டுப் புத்தகம் வாங்கியவர்

அஸ்தம்பட்டியிலிருந்து:

ஏற்காட்டில் வீடு நிறையப் புத்தகத்தோடு இருந்த கடற்படை ஹெலிகாப்டர் பைலட்டைப் பற்றி ஆளுக்கொரு கதை வாயால் சொல்கிறீர்கள், எழுதச் சொன்னால் மட்டும் ஒருவரையும் காணோம். சரி, நானே தொடங்குகிறேன்.

அப்போது நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. ராபர்ட் புரூஸ் ஃபூட் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. 1863ல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த அந்த நிலவியல்காரர் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில்தான் இருந்தார். ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது. பார்க்கலாம் என்று பஸ் ஏறிப் போனால் கேட்டில் பூட்டு. டீக்கடையில் நின்றிருந்த ஒருவர், "கமாண்டர் வீட்டுக்குப் போய்ப் பாருங்க, அவருகிட்ட இல்லாத புஸ்தகமா" என்று வழி காட்டினார்.

கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஷூவைப் பார்த்தார். வெளியே பனிமூட்டம் சொட்டிக்கொண்டிருந்தது. "கழட்டிடு தம்பி. ஈரத்தோட உள்ள வந்தா எனக்கு ரெண்டு நாள் வேலை." ஒரு துண்டையும் நீட்டினார்.

எந்த அலமாரியும் சுவரை ஒட்டி இல்லை, ஒரு சாண் தள்ளியே நின்றது. எனக்காக எடுத்துக் கொடுத்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், தேதிக்குக் கீழே பென்சிலில் பொடி எழுத்து: பம்பாய், ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதை, 12 ரூபாய், 410 கிராம். இடம் சரி, விலை சரி. எடை எதற்கு?

"ஹெலிகாப்டர்காரனுக்கு எடை தெரியாம தூக்கம் வராது" என்றார். வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும், விசிறியால் அவ்வளவு தூக்க முடியாது. அதனால் எரிபொருள், ஆள், பெட்டி, கயிறு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். கப்பலில் அவருக்கு இருந்ததோ ஒரே ஒரு லாக்கர். பயணத்துக்கு ஆறு கிலோ புத்தகம் என்று தானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டாராம். துறைமுகத்தில் புதிதாக ஒன்று வாங்கினால், அதே எடைக்கு உள்ளதில் ஒன்றை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். வாங்கினதெல்லாம் மறந்துபோச்சு, கொடுத்ததெல்லாம் ஞாபகம் இருக்கு என்று சிரித்தார்.

சேலம் அம்மாப்பேட்டைத் தறிக்காரக் குடும்பத்துப் பையன் அவர். முதலில் ஓட்டியது சேத்தக் என்ற சின்ன ஹெலிகாப்டர், ஒற்றை எஞ்சின். சின்னப் போர்க்கப்பலின் பின்தளத்தில் அதை இறக்குவது எப்படி என்று நான் கேட்காமலே சொன்னார். தளம் ஏறும், இறங்கும், பக்கவாட்டில் சாயும். அதன் மேலே அந்தரத்தில் நின்றபடி காத்திருக்க வேண்டும். நாலைந்து பெரிய அலைக்கு அப்புறம் கப்பல் கொஞ்சம் அடங்கும். அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும். "பூப்போல வைக்கிறேன்னு வச்சா சறுக்கிக்கிட்டுப் போயிடும்." கையிலிருந்த காபி டபராவை மேசையில் டக்கென்று வைத்துக் காட்டினார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

பிறகு சீ கிங் என்ற பெரிய ஹெலிகாப்டர். ராத்திரியில் கடலுக்குச் சில பத்து அடி மேலே அசையாமல் நின்று, ஒலியை வைத்துத் தேடும் சோனார் கருவியைக் கேபிளில் தண்ணீருக்குள் இறக்கி நீர்மூழ்கியைத் தேடுகிற வேலை. விசிறிக் காற்றில் கடல்நீர் புகையாக எழும்பும். திரும்பி வந்ததும் முதல் வேலையாக நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கியர்பாக்ஸ் உறைகள் மெக்னீசியக் கலவை. எடை குறைவு, ஆனால் உப்பு பட்டால் அரித்துவிடும். "நம்ம வெள்ளைக்கல்லு இருக்கே, அதுல இருக்கற மெக்னீசியம்தான்" என்று ஜன்னல் பக்கம் கையை நீட்டினார். அந்தப் பனியில் மலையடிவாரத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கம் எங்கே தெரியப் போகிறது! உப்புக்குப் பயந்த மனுஷன் இங்கே பூஞ்சைக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரவல் வாங்க ஒரு நோட்டு உண்டு. அதில் 'பழுது' என்று ஒரு பத்தி. ஹெலிகாப்டரில் பறந்துவிட்டு வந்த பைலட் தான் கண்ட கோளாறைத் தானே எழுதுவார், சரிசெய்தவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது மறுபடி பறக்கும். அதே முறை இங்கேயும். நான் காபிக் கறையோடு திருப்பிக் கொடுத்தேன். திட்டு விழும் என்று பார்த்தால், பேனாவை நீட்டி "நீயே எழுது" என்றார். 'பக்கம் 112, காபி, என் தவறு' என்று எழுதினேன். எதிரே அவர் எழுதியது: 'நீக்க முடியாது. பறக்கத் தகுதி உண்டு.'

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

எங்கள் அப்பா பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கமாண்டர் வந்து குவியலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் பத்து மணி ஆகிவிடும். ஒருமுறை பழைய கணக்கு நோட்டுகளுக்கு நடுவே சேலம் மாவட்ட கெஸட்டியர் (மாவட்டத்தைப் பற்றிய அரசாங்கத் தகவல் நூல்) கிடைத்தது, 1918ல் அச்சானது, ஒரு பாகம் மட்டும். அப்பா தராசில் போட்டார். ஒரு கிலோ 150 கிராம். கிலோ ஆறு ரூபாய் விலைக்கு, ஏழு ரூபாய் கொடுங்க என்றார்.

இவர் எடையைக் குறித்துக்கொண்டு ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினார். அப்பா தொடவே இல்லை. "எடைக்குத்தான் சாமி காசு, உள்ள என்ன எழுதியிருக்குன்னு எனக்கெதுக்கு?" அரை மணி நேரம் வாக்குவாதம். வழக்கமாக விலையைக் குறைக்கத்தான் சண்டை நடக்கும், ஏற்றச் சொல்லி நடந்த சண்டை எங்கள் கடையில் அது ஒன்றுதான். கடைசியில் அப்பா ஏழு ரூபாய்தான் வாங்கினார். அடுத்த வாரம் எனக்கென்று ஒரு ஆங்கில–தமிழ் அகராதி வந்தது. பின்னால் திருப்பிப் பார்த்தேன், எடை எழுதியிருந்தது.

ஏற்காட்டிலிருந்து:

நான் எலக்ட்ரீஷியன். புத்தகம் பற்றி எனக்குத் தெரியாது. அவர் வீட்டு அலமாரி ஒவ்வொன்றிலும் அடித்தட்டில் நாற்பது வாட் குண்டு பல்பு மாட்டியது நான்தான். தகரத்தில் மறைப்பு வைக்கச் சொல்லி நாலு தடவை சரிபார்த்தார். மழை மாதத்தில் ராத்திரி முழுக்க எரியும். கரண்ட் பில் பார்த்து, எல்.இ.டி. போட்டுரலாமா சார் என்று கேட்டேன். "எனக்கு வெளிச்சம் எதுக்கு, சூடுதான் வேணும்" என்றார். குண்டு பல்பு கடைகளில் குறைய ஆரம்பித்ததும், சேலத்தில் எந்தக் கடையில் பார்த்தாலும் வாங்கி வா என்று என்னிடம் பணம் கொடுத்து வைத்தார்.

கொண்டலாம்பட்டியிலிருந்து:

அவர் கோயமுத்தூருக்கு மகள் வீட்டோடு போனபோது லோடு ஏற்றியது என் 407 லாரி. எவ்வளவு லோடு சார் என்று சும்மா கேட்டேன். நோட்டைப் பார்த்து, "2,140 கிலோ, அட்டைப்பெட்டி தனி" என்றார். இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், வீடு காலி செய்கிறவர் யாரும் இப்படிச் சொன்னதில்லை.

ஏற்றும்போதும் விடவில்லை. பெட்டி மேல் எல்லாம் நம்பர். கனமானது நடுவில், அடியில், லேசானது ஓரத்தில் என்று சாக்பீஸால் தளத்தில் கோடு போட்டுக் கொடுத்தார். எங்க ஆளுங்க முணுமுணுத்தார்கள். அப்புறம் கேபினில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒரு வார்த்தை பேசவில்லை, கண்ணாடி வழியே பின்னால் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டு வந்தார். அடிவாரம் வந்ததும் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, இறங்கிப் போய்க் கயிற்றை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை.

"இப்ப டீ குடிக்கலாம் தம்பி" என்றார்.